அடைப்புக்குறிக்குள் ஓர் அத்தை

வெள்ளவத்தையிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறார். நாள் முழுக்கக் கதிரை, மதியம் சோற்றுப் பார்சல். ஐந்து மாதமாக விட்டுவிட்டு மலத்தோடு இரத்தம் போகிறது. முதலில் பாமசியில் கேட்டு மூலத்துக்குக் களிம்பு வாங்கிப் பூசினார். பிறகு ஒரு வைத்தியரிடம் போனார். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மூலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு கிழமை நின்றது, திரும்பவும் வந்தது. இப்போது காலையில் மூன்று தரம் போய்வந்தாலும் முழுதாகப் போகாதது மாதிரி இருக்கிறது. நான்கு கிலோ மெலிந்திருக்கிறார். அது மரீன் டிரைவில் நடப்பதன் பலன் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். வெசாக் நேரத்தில் இரத்ததான முகாமுக்குப் போனபோது இரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 10.6. "செவ்வாய், வெள்ளி மச்சம் சாப்பிடுவதில்லை, அதனாலாக இருக்கும்" என்று இரும்புச்சத்து மாத்திரை எடுத்துவருகிறார்.

அப்பாவுக்கு 1997 இல் வவுனியாவில் சத்திரசிகிச்சை நடந்தது, அப்போது வயது 45. அடுத்த வருடம் காலமானார். "வயிற்றில் கட்டி" என்பதற்கு மேல் வீட்டில் யாரும் சொல்வதில்லை. காகிதங்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. மூன்றாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: (டொரொன்டோவில் இருக்கும் அத்தைக்கும், அப்பாவின் தங்கை, 46 வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து எடுத்தவர்கள், இப்போது சுகம்.)

அவருடைய கேள்விகள்: லாப்களில் செய்கிற "கான்சர் பாக்கேஜ்" இரத்தப் பரிசோதனை போதுமா? வீட்டிலேயே மலம் எடுத்துக் கொடுக்கும் சோதனை செய்யலாமா? கமரா விட்டுப் பார்ப்பது 45 வயதுக்குப் பிறகுதானே? தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, இந்த நேரத்தில் இதைக் கிளறலாமா? ஆயுள் காப்புறுதி ஒன்றை எடுத்துவிட்டு ஆறுதலாகப் போ என்று நண்பர் சொல்கிறாரே?

தம்பி, உங்கள் கேள்விகளில் முக்கால்வாசி எந்தச் சோதனை மலிவு, எது வலிக்காது என்பதைப் பற்றியது. நான் அந்த அடைப்புக்குறியில் வந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பதில்: நீங்கள் பெருங்குடல் முழுவதையும் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். அதாவது கொலனோஸ்கோபி. தீபாவளி கழியட்டும், வருடக் கணக்கு முடியட்டும் என்று தள்ளாமல், சில கிழமைகளுக்குள்.

இதை வாசித்ததும் உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் முடிவு கட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் வயதில் மலத்தோடு இரத்தம் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான். குடல் அழற்சியாகவும் இருக்கலாம், குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சியான வெறும் பொலிப்பாகவும் இருக்கலாம். ஆனால் "பெரும்பாலும் மூலம்தான்" என்பது ஊரிலுள்ள எல்லோரையும் சேர்த்துச் சொல்கிற கணக்கு. இரத்தசோகை, மெலிவு, போயும் போகாத உணர்வு, 45 வயதில் கட்டியோடு போன அப்பா, இவ்வளவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அந்தக் கணக்கை அவருக்குப் போட முடியாது.

36 வயதில் வருமா?

வருகிறது. 50 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பல நாடுகளில் கூடிக்கொண்டு வருகிறது. அமெரிக்கக் கணக்கு ஒன்று 2017 இல் வெளியானது. 1950 வாக்கில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு அதே வயதில் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து நான்கு மடங்கு. நீங்கள் பிறந்ததும் அந்த வருடங்களில்தான். இலங்கையிலும் ஆண், பெண் இருபாலாரிலும் அதிகம் காணப்படும் முதல் ஐந்து புற்றுநோய்களுக்குள் இது இருக்கிறது. உடற்பருமன், மது, ஓயாத இருப்பு, பதனிட்ட இறைச்சி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சொசேஜஸ் போன்றவற்றைத் தினமும் 50 கிராம் தின்றால் ஆபத்து 18 வீதம் கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் சொன்னது. ஆனால் உங்கள் கதையில் சாப்பாட்டைத் துருவிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. சாப்பாட்டைக் குற்றம் சொல்லத் தொடங்கினால் ஒரு மாதம் பப்பாசியும் குரக்கனும் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். அந்த ஒரு மாதம் உங்களுக்கு முக்கியம்.

45 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 50 ஆக இருந்த தொடக்க வயதை அங்குள்ள புற்றுநோய்ச் சங்கம் 2018 இலும், அரசின் தடுப்புச் சேவைகள் குழு 2021 இலும் 45 ஆக்கின. அது ஓர் அறிகுறியும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் வராத ஆட்களுக்கான வயது. குடும்பத்தில் வந்திருந்தால் கணக்கு மாறும். பெற்றோர், கூடப்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்தியதோ அப்போது தொடங்கி, ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். அப்பாவின் கட்டி குடலில் வந்ததென்றால், நீங்கள் சுகதேகியாக இருந்திருந்தாலும் 35 இல் பார்த்திருக்க வேண்டும். அது போன வருடம்.

இந்த வயது வரம்பெல்லாம் நோயில்லாதவர்களைச் சலித்துப் பார்ப்பதற்கு. அறிகுறி உள்ளவருக்கு வயது வரம்பே கிடையாது. இந்த வித்தியாசம் சில நேரம் வைத்தியர்களான எங்களுக்கே மறந்துபோகிறது, நோயாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2023 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 50 வயதுக்குக் குறைந்தவர்களிடம் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை முன்பே தலைகாட்டிய நான்கு அறிகுறிகளைப் பிரித்துக் காட்டியது: வயிற்றுவலி, மலத்தோடு இரத்தம், வயிற்றோட்டம், இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை. இவற்றில் ஒன்று நிச்சயமாக உங்களிடம் இருக்கிறது, இன்னொன்று அநேகமாக.

இரத்தம் குறைந்தது மச்சம் சாப்பிடாததாலா?

கிழமையில் இரண்டு நாள் மரக்கறி சாப்பிட்டு யாருக்கும் 10.6 வராது. மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், அது எங்கேயோ கசிந்து போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அந்த "எங்கேயோ" பெரும்பாலும் வயிறோ குடலோதான். மாத்திரை தொட்டியை நிரப்புகிறது. ஓட்டை எங்கே என்று யாரும் பார்க்கவில்லை.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கொழும்பில் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாளே டெங்கு என்று எவ்.பி.சி. (முழு இரத்தப் பரிசோதனை) எடுக்க ஓடுகிறோம். நீங்களும் இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு வந்து படுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழைய ரிப்போட்டுகளைத் தேடி எடுங்கள். முதல் நாள் ரிப்போட்டே நல்லது, டெங்கு முற்றும்போது இரத்தம் தடித்து ஹீமோகுளோபின் கூடிக் காட்டும். அதில் ஹீமோகுளோபினையும் எம்.சி.வி. என்ற எண்ணையும் (சிவப்பணுவின் சராசரி அளவு) இன்றையதோடு வைத்துப் பாருங்கள். எம்.சி.வி. அப்போதே குறைவாக இருந்திருந்தால் பிறவியிலேயே தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் சுவடு இருக்கலாம், எங்கள் நாட்டில் அது அரிதல்ல. அப்போது 14 க்கு மேல் இருந்து இப்போது இறங்கியிருந்தால் இது புதிய கசிவு. கூடவே உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை ஒன்றும் எடுங்கள். லாப்புக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் இதற்குக் கொடுங்கள்.

பாக்கேஜும் மலச் சோதனையும்

அந்தப் பாக்கேஜில் இருப்பது பெரும்பாலும் சி.ஈ.ஏ. போன்ற கட்டிக் குறியீடுகள், அதாவது கட்டி இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய பொருட்கள். புற்றுநோய் என்று உறுதியானவர்களைச் சிகிச்சைக்குப் பிறகு கவனித்துவர அது உதவும். புதிதாகத் தேட உதவாது. ஆரம்பக் கட்டியுள்ள பலருக்கு அது சாதாரணமாகவே இருக்கும்; புகைபிடிப்பவருக்கு ஒன்றும் இல்லாமலே கூடும். நான் பயப்படுவது அந்த "நோர்மல்" என்ற சொல்லுக்குத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் இன்னும் ஆறு மாதம் நிம்மதியாக நடப்பீர்கள்.

மலச் சோதனை நல்ல சோதனை. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டுபிடிக்க. உங்களுக்குத்தான் கண்ணுக்கே தெரிகிறதே. கசிவு இல்லாத நாளில் எடுத்துக் கொடுத்து அது இல்லையென்று வந்தாலும், உங்கள் விஷயத்தில் என் பதில் மாறாது.

வெட்கமும் கமராவும்

உங்கள் வைத்தியரைப் பற்றிக் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். நான் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், 31 வயது ஆசிரியை ஒருவருக்கு நானும் இப்படித்தான் பரிசோதிக்காமல் மூலத்துக்கு மருந்து எழுதினேன். கூச்சப்படுவார் என்று நானே நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து இன்னொரு வைத்தியர் விரல் விட்டுப் பார்த்தே கட்டியைக் கண்டுபிடித்தார். கூச்சப்பட்டது நான்தான். அன்றிலிருந்து மூலம் என்று வருகிற ஒருவரையும் பார்க்காமல் அனுப்புவதில்லை. இளம் வயதினருக்குக் கட்டி பெரும்பாலும் இடதுபக்கக் குடலிலும் மலக்குடலிலும் வருவதால், அதில் ஒரு பகுதி விரலுக்கே எட்டிவிடும். கையுறை, கொஞ்சம் ஜெல், ஒரு நிமிடம். வைத்தியர் தானாகச் செய்யாவிட்டால் "பரிசோதித்துப் பாருங்கள் டொக்டர்" என்று நீங்களே கேளுங்கள். திரை போடச் சொல்லவும், கூட ஒருவர் நிற்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. விரலில் ஒன்றும் படாவிட்டாலும், மூலம் கண்ணுக்கே தெரிந்தாலும், கமரா தேவைதான். மூலம் இருக்கிறவருக்கு மேலே இன்னொன்று இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை.

கமராவில் கஷ்டமானது அதற்கு முந்திய நாள்தான். இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, தவிட்டரிசி வேண்டாம். முந்திய நாள் வடிகட்டிய சூப், இளநீர், பிளேன்ரீ. சிவப்பு நிறப் பானம் ஒன்றும் கூடாது, உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும். பேதி மருந்தை லீட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். சுவை நன்றாக இருக்காது, குளிரவைத்துக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஏறக்குறைய ஒரு கிழமை முன்பே நிறுத்த வேண்டும், அது குடலைக் கறுப்பாக்கிக் கண்ணை மறைக்கும். அன்று மயக்க ஊசி போடுவார்கள். வேலை அரை மணி, முக்கால் மணியில் முடியும். பொலிப் இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். பொலிப் புற்றுநோயாக மாற வழக்கமாகப் பல வருடம் எடுக்கும், வெட்டியதோடு அந்த வழி அடைபடும். குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கு அல்லது அதிலும் குறைவு. பொலிப் வெட்டிய இடத்தில் பிறகு இரத்தம் கசியலாம். இதையெல்லாம் கையெழுத்து வாங்கும்போது விளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குத் தனியாகப் போக விடமாட்டார்கள், அன்று மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாது.

செலவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலையிலோ இலவசமாகச் செய்யலாம். ஓ.பி.டி. வழியாக சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போக வேண்டும். வரிசை நீளம் என்பது உண்மை, ஆனால் அவசரம் பார்த்து முன்னுக்கு எடுப்பார்கள். அவசரம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. எங்கள் ஆட்கள் பலர் ஓ.பி.டி.யில் "வயிறு சரியில்லை" என்பார்கள், கஸ்ரைட்டிஸ் மாத்திரையோடு திரும்பி வருவார்கள். நீங்கள் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: "வயது 36. ஐந்து மாதமாக மலத்தோடு இரத்தம். ஹீமோகுளோபின் 10.6. நான்கு கிலோ மெலிவு. தகப்பனுக்கு 45 வயதில் வயிற்றுக் கட்டி, அத்தைக்கு 46 வயதில் கருப்பைப் புற்றுநோய்." சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரைக் கொண்டு அதையே எழுதுவித்தாலும் சரி. தனியாரில் சனல் பண்ணிச் செய்வதென்றால், பயொப்சிக்கும் (திசு எடுத்துச் சோதிப்பது) பொலிப் வெட்டவும் தனிக் கட்டணமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சொன்ன விலையும் கடைசி பில்லும் வித்தியாசப்படுவது அங்கேதான்.

இதற்கிடையில் இரத்தம் அதிகமாகப் போய்த் தலைசுற்றினாலோ, வயிறு ஊதி, வாந்தியும் வந்து, காற்றும் மலமும் போகாமல் நின்றாலோ கிளினிக் திகதி பார்க்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த அடைப்புக்குறி

1895 இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரட் வார்த்தின் என்ற நோயியல் வைத்தியரிடம் அவருடைய தையற்காரி ஒரு விஷயம் சொன்னார். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று. அப்படியேதான் நடந்தது. வார்த்தின் அந்தக் குடும்பத்தை விடாமல் எழுதிவைத்து 1913 இல் வெளியிட்டார். பிறகு 1960களில் ஹென்றி லிஞ்ச் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடித் தொடர்ந்தார். இன்று அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். உயிரணு பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற மரபணுக்களில் ஒன்று பழுதாகிப் பிறப்பது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. பெருங்குடல் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் இது காரணம். இளம் வயதில் வருகிறவர்களிடம் இந்தப் பங்கு கூட.

குடலும் கர்ப்பப்பையும் வேறு வேறு உறுப்புகள் என்பதால் இரண்டையும் ஒரே கதையாக யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் உங்கள் அத்தை அடைப்புக்குறிக்குள் போனார். உங்கள் குடும்பத்தில் லிஞ்ச் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தேடிப்பார்க்கப் போதுமான காரணம் இருக்கிறது.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. "கர்ப்பப்பைப் புற்றுநோய்" என்று நாங்கள் இரண்டு நோய்களைச் சேர்த்துச் சொல்கிறோம். கருப்பைக் கழுத்தில் வருவது பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, அதற்கும் லிஞ்சுக்கும் தொடர்பில்லை. கருப்பையின் உட்சுவரில் வருவதுதான் தொடர்புள்ளது. அத்தைக்கு வந்தது எது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அப்பாவின் காகிதங்கள் திரும்ப வரப்போவதில்லை. ஆனால் அத்தையின் ரிப்போட்டுகள் டொரொன்டோவில் இருக்கக்கூடும். அவருக்கு மரபணுச் சோதனை செய்து பழுது எது என்று தெரிந்துவிட்டால், உங்களுக்கும் தங்கைக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அத்தையிடம் அது இல்லையென்றால் பரம்பரை பற்றிய உங்கள் கவலையில் ஒரு பகுதி அத்தோடு இறங்கும். இங்கே கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் மரபியல் ஆலோசனை கிடைக்கும், அந்த ரிப்போட்டோடு போனால் வேலை சுலபம்.

தங்கையின் கல்யாணப் பேச்சு. "அவளுக்காகத்தான் மறைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பரம்பரையில் இது இருந்தால் அவளுக்கும் உங்களைப்போலவே இரண்டில் ஒரு வாய்ப்பு, அத்தோடு கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. லிஞ்ச் உள்ளவர்களுக்கு 20, 25 வயதிலிருந்தே ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் கமரா பார்க்கச் சொல்கிறோம். ஆகவே இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன, எப்போது சொல்வது என்பது அதற்குப் பிறகு அவள் முடிவெடுக்க வேண்டிய விஷயம். உங்கள் ரிப்போட்டை உங்கள் அனுமதியில்லாமல் எந்த வைத்தியரும் யாரிடமும் பேசக்கூடாது. இன்றைக்கே சொல்லவும் வேண்டாம். கமரா முடியட்டும், அத்தையின் பதில் வரட்டும். அம்மாவிடம் "மூலத்துக்குக் கமரா பார்க்கப் போகிறேன்" என்றால் அது பொய்யாகாது.

காப்புறுதி: விண்ணப்பத்தில் உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்று எழுதிக் கையெழுத்து வைத்தால், பிறகு அதையே காட்டிப் பணம் தர மறுக்கலாம். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், இந்த யோசனையை விடுங்கள்.

சரி, இந்தக் கிழமை வேலை இரண்டு. திங்கட்கிழமை அந்தத் துண்டோடு கிளினிக் கடிதத்துக்குப் போவது. அதற்கு முதல் அத்தைக்கு டெலிபோன் எடுத்துக் கேட்பது. கட்டி கருப்பைக் கழுத்திலா உட்சுவரிலா. வெட்டிய திசுவில் எம்.எம்.ஆர். என்ற சோதனை (அந்தப் பிழைதிருத்தும் மரபணுக்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது) செய்தார்களா. பயொப்சி ரிப்போட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி அனுப்ப முடியுமா. அப்பாவின் கட்டி குடலிலா, தாத்தாவும் பெரியப்பாவும் எதனால் போனார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடுத்தால் அங்கே சனி இரவு ஒன்பது மணி வாக்கில் இருக்கும், சாப்பிட்டு முடித்திருப்பார். கேள்விகளை எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அத்தைமார் ஊர்ப் புதினம் பேசத் தொடங்கினால் நாம் கேட்க வந்தது மறந்துபோகும்.